ஐந்து சுற்றுத் தண்ணீர்

பதினோரு நாட்களும் நான்கு மணி நேரமும் ஆகிவிட்டன. முப்பத்தொன்று என்ற அந்த எண் அசைந்து கொடுக்கவில்லை.

குடிநீர் அலுவலகத்தின் திட்டப் பிரிவில், கடைசி மேசையில் உட்கார்ந்திருந்த பொறியாளர் அந்த எண்ணை அழித்துவிட்டு எண்பது என்று போட்டாள். கணினித் திரையில் பள்ளத் தெருவின் குழாய்கள் பச்சை நிறமாயின. பச்சை என்றால் தண்ணீர் நன்றாக வருகிறது என்று பொருள். உண்மையில் அங்கே வரவில்லை. மறுபடியும் முப்பத்தொன்று என்று போட்டாள். தெரு சிவந்தது. இப்போது கணினி சொல்வதும் தெருவில் நடப்பதும் ஒத்துப்போயின. அதுதான் அவளைக் குடைந்தது.

ஒரு குழாயின் உட்புறம் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. புதுக் குழாய்க்கு நூற்று நாற்பது. இருபது வருடம் மண்ணுக்குள் கிடந்தால் நூறு. துருவேறிக் கிழடுதட்டிய இரும்புக் குழாய்க்கு அறுபது வரை போகலாம். முப்பத்தொன்று உள்ள குழாயை அவள் படித்த எந்தப் புத்தகமும் பார்த்ததில்லை.

நகரம் வளர்ந்துகொண்டிருந்தது. இன்றைக்கு ஆறு லட்சம் பேர். முப்பது ஆண்டுகளில் பதினோரு லட்சம் ஆகும் என்று கணக்கு. எந்தத் தெருவுக்கு எத்தனை அங்குலக் குழாய் போடுவது என்று வீதி வீதியாக முடிவு செய்து, எட்டு நாளில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வைக்க வேண்டும். ஒருமுறை புதைத்துவிட்டால் அடுத்த முப்பது ஆண்டுக்கு யாரும் தோண்டமாட்டார்கள்.

"என்ன கேள்வி, இன்னும் அந்த ஒரே தெருவுலதான் குடித்தனமா?"

தலைமைப் பொறியாளர் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார். அலுவலகத்தில் அவளுக்குக் 'கேள்வி' என்று பட்டப்பெயர். வாய் திறப்பதே அபூர்வம். திறந்தால் 'ஏன்' என்றுதான் திறப்பாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"ஒண்ணுதானா? உடம்புக்கு முடியலையா?"

அவள் சிரிக்காமல் திரையைக் காட்டினாள். "மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறுது. அங்கேருந்து ஒரு கிளை கீழ பள்ளத் தெருவுக்கு இறங்குது. மேட்டுல ஏறின தண்ணி பள்ளத்துல இறங்க மாட்டேங்குது. ஏன் சார்?"

"கடைமடை. கடைசி ஆளுக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் போகும்."

"கொஞ்சம் இல்ல சார். ஆளுக்கு நாளைக்கு முப்பத்தெட்டு லிட்டர். மேட்டுத் தெருவுல நூத்தி அறுபது."

"கள்ள இணைப்பு இருக்கும். நடுவுலயே யாராவது உருவிடுவாங்க."

"உருவினா கிளையோட தொடக்கத்துல இருக்கிற மீட்டர்ல அது தெரியணுமே சார். தண்ணி தெருவுக்குள்ளயே போகல. போகாத தண்ணியை எப்படித் திருடுவாங்க?"

அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார். "அம்மா தாயே, ஒரு நாள் தரேன். நேர்ல போய்ப் பாரு. வந்ததும் முப்பத்தொண்ணோ மூவாயிரமோ, ஒண்ணைப் போட்டு கோப்பை மூடு."

மேட்டுத் தெருவில்தான் அவள் வீடு. இரண்டாம் மாடிக் குழாயைத் திறந்தால் வாளி நிரம்ப ஒரு நிமிடம் ஆகாது. அங்கிருந்து பள்ளத் தெருவுக்கு நடந்தே ஏழு நிமிடம். ஆனால் அந்தத் தெருவுக்குள் அவள் ஒருமுறையும் இறங்கியதில்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்கு, தண்ணீர் விடும் நேரத்தில், தோள்பையில் அழுத்தமானியைப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

தெரு விழித்து நெடுநேரம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் குழாய்க்குக் கீழே ஒரு வாளி, வாளிக்குப் பக்கத்தில் காவலுக்கு ஓர் ஆள். சத்தம் மட்டும் இல்லை. தண்ணீர் விழும் ஓசையே கேட்காத அளவுக்கு நூலாக வழிந்துகொண்டிருந்தது. தெருவின் நடுவில் 'சலவை' என்று பலகை தொங்கிய கடை ஒன்றின் வாசல் குழாயில் அவள் அழுத்தமானியைத் திருகினாள். இருபது மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறும் அழுத்தத்தைக் காட்ட வேண்டிய முள், இரண்டைத் தொடவே சோம்பல்பட்டது.

"என்ன மேடம், எங்க குழாய்க்கு ரத்த அழுத்தம் பாக்குறீங்களா?"

கடைக்காரி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கை இரண்டும் முழங்கைவரை கஞ்சி படிந்து வெளுத்திருந்தன.

"ஆமாங்க."

"இருக்கா, இல்ல போயிடுச்சா?"

"லேசா துடிக்குது," என்றாள் இவள். இப்படிச் சொன்னது தான்தானா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. கடைக்காரி வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து நோட்டைப் பிரித்தாள். "உங்க வீட்டுல ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி செலவழிக்கிறீங்க?"

கடைக்காரியின் முகம் மாறியது. "அதை மட்டும் கேக்காதீங்க. போன வருஷமும் ஒருத்தர் தாளும் பேனாவுமா வந்தார். நாலு பேருக்குப் பத்து வாளின்னு சொன்னேன். எழுதிக்கிட்டார். ரொம்பச் சிக்கனம்னு பாராட்டு வேற."

"பத்து வாளி போதுமா?"

"இப்பத்தான் ஒரு ஆள் இதைக் கேக்குறீங்க." அவள் வாளியைக் காலால் சற்று நகர்த்தி வைத்தாள். "கிடைச்சது பத்து. வேணுங்கறது எவ்வளவுன்னு யாரு கேட்டா? பட்டினி கிடக்கிறவன் தட்டை எட்டிப் பாத்துட்டு, இவனுக்குப் பசியே எடுக்காதுன்னு எழுதிட்டுப் போற மாதிரி இருக்கு உங்க கணக்கு."

இவளுக்குப் பேனா நின்றுவிட்டது. அந்தத் தாள் பத்து வாளியை ஆளுக்கு முப்பத்தெட்டு லிட்டராக மாற்றிக்கொண்டு அவள் மேசைக்குத்தான் வந்தது. அதை முப்பது ஆண்டு மக்கள்தொகை வளர்ச்சியால் பெருக்கியவள் அவளேதான். பள்ளத் தெருக்காரர்கள் குறைவாகவே தண்ணீர் கேட்கிறவர்கள், ஆகவே பழைய எட்டங்குலக் குழாயை எடுத்துவிட்டு நாலங்குலம் போட்டால் தாராளம் என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். கணக்கில் ஒரு பிழை கிடையாது. மூன்று முறை சரிபார்த்திருந்தாள்.

"எப்பலேருந்து இப்படி வருது?"

"ஒன்பது வருஷமா."

"கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுதா?"

"எங்க குறைஞ்சுது! முந்தின நாள் வரைக்கும் இந்தக் குழாயில கையைக் காட்டினா கை வலிக்கும், அப்படி அடிக்கும். மறுநாள் காலையில பாத்தா நூல். என் மக பிறந்து இருபதாவது நாள் அது. பச்சைக் குழந்தை துணியை அலசத் தண்ணியில்லாம நான் உக்காந்து அழுதது எனக்குத்தான் தெரியும். அன்னைக்கு நிறுத்தினதுதான் துவைக்கிற வேலை. பலகையில சலவைன்னு இருக்கு, உள்ள வெறும் தேய்ப்புதான்."

"மனு கொடுக்கலையா?"

"கொடுத்துக் கை ஓஞ்சு போச்சு. எல்லாத்துக்கும் கடைமடைன்னு ஒரே பதில். இந்தத் தெருவுல குழந்தைங்க அம்மா, அப்பாவுக்கு அடுத்ததா அந்த வார்த்தையைத்தான் கத்துக்குதுங்க."

திரும்பி மேடேறும்போது அவள் கால்கள் நடந்தன, மனம் வேறெங்கோ ஓடியது. குழாய்க்கு வயதானால் தண்ணீர் வருடக்கணக்கில் மெல்லக் குறையும். அடைப்பு வந்தால் மாதக்கணக்கில் குறையும். ஒரே இரவில் நின்றது என்றால், அது குழாயின் வேலை இல்லை. ஒரு கை.

அலுவலகத்தில் பழைய வரைபடங்களைப் பரப்பினாள். மேட்டுத் தெருவிலிருந்து பள்ளத்துக்குக் கிளை பிரியும் இடத்தில், மங்கலாக ஒரு குறி. வால்வு. நேரில் போய்ப் பார்த்தால் அங்கே தார்ச்சாலை தட்டையாகக் கிடந்தது, மூடியைக் காணோம். இப்போது அந்தப் பகுதியைப் பார்க்கும் ஊழியரோ, தனக்குத் தெரிந்து அங்கே வால்வே கிடையாது என்று அடித்துச் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன் யார் பார்த்தார் என்று பணியாளர் பட்டியலைத் தேடினாள். பெயரைக் கண்டதும் மகிழ்ச்சியாக இருந்தது. தெரிந்தவர்தான். வேலையில் சேர்ந்த புதிதில் மூன்று மாதம் அவரோடு மேட்டுப் பகுதித் தெருக்களில் சுற்றியிருக்கிறாள். பிறகு அவளைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். திட்டப் பிரிவுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவர் இப்போது நகரின் மறுகோடியில் ஒரு நீரேற்று நிலையத்தில் இருந்தார்.

மறுநாள் காலை, அவள் அழைத்திருந்த அந்தப் பழைய வால்வுக்காரர் ஆளுயரத் திருகுசாவியோடு வந்து இறங்கினார். சாவியின் மேல்முனையில் இரு கையாலும் பிடித்துச் சுழற்றுவதற்குக் குறுக்குக் கம்பி.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

"இருக்கேன் மேடம்." அவர் விளக்குக் கம்பத்துக்கு முதுகைக் கொடுத்து நின்று, எட்டு எட்டு வைத்து, குதிகாலால் தாரில் ஒரு தட்டுத் தட்டினார். "இங்க."

தொழிலாளர் இருவர் கடப்பாரையைப் போட்டார்கள். இரண்டு அடுக்குத் தாருக்குக் கீழே இரும்பு மூடி கணீரென்றது. பதின்மூன்று நாளாகத் துரத்திய விடை ஓர் அடி ஆழத்தில் இருந்தது.

"எட்டங்குல வால்வு," என்றார் அவர், குழிக்குள் பார்த்தபடி. "முழுசாத் திறந்தா இருபத்தேழு சுற்று. இது அஞ்சு சுற்றுதான் திறந்திருக்கும்."

"சாவியே இன்னும் போடல. எப்படிண்ணே தெரியும்?"

"போட்டுத்தான் பாத்துடலாமே."

சாவியை இறக்கி, மூடும் பக்கமாகத் திருப்பினார். ஒவ்வொரு சுற்றுக்கும் வாய்விட்டு எண்ணினார். ஐந்து என்றதும் சாவி நின்றது. அவர் உடம்பின் முழுப் பாரத்தைக் கொடுத்தும் அசையவில்லை.

வால்வைப் பாதி மூடினாலும் தண்ணீருக்குப் பெரிதாக வலிக்காது. முக்கால் பாகத்தைத் தாண்டினால்தான் கழுத்தைப் பிடிக்கும். இருபத்தேழில் ஐந்து. வால்வின் நெரிப்பைக் குழாயின் துருவாகக் காட்டிய அந்த முப்பத்தொன்று எங்கிருந்து வந்தது என்று அந்தக் கணமே அவளுக்கு விளங்கிவிட்டது. கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

"கண்டுபிடிச்சாச்சு! யாருண்ணே இப்படி வச்சது?"

"நாந்தான்."

"நீங்களா? யாரு சொல்லி?"

வால்வுக்காரர் தொழிலாளர்கள் பக்கம் திரும்பி, "போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கப்பா," என்றார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை சாவியின் குறுக்குக் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நிஜமாவே ஞாபகம் இல்லையா?"

"என்ன ஞாபகம்?"

"உங்க அக்கா கல்யாணம்."

ஒன்பது வருடமாக எங்கோ உட்கார்ந்திருந்த காலைப்பொழுது ஒன்று எழுந்து எதிரே வந்து நின்றது. வீடு நிறைய உறவினர்கள், நாற்பது பேர். மாடிக் குழாயில் காற்று மட்டும் வந்தது. அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வேலையில் சேர்ந்து மூன்றே மாதமான இளைய மகள், "நம்ம ஆபீஸ்தானேம்மா, நான் பாத்துக்கறேன்" என்று கிளம்பினாள். நீரேற்று நிலைய வாசலில் இவரைப் பிடித்து, "அண்ணே, கீழ போற வால்வைக் கொஞ்சம் அடக்கி வைங்க. மூணு நாளைக்குத்தான்" என்றாள். அன்று மாலையே மாடிக் குழாய் சீறியது. 'பொண்ணு வேலைக்குப் போனா இப்படியொரு வசதி' என்று பெரியப்பா எல்லோர் முன்னிலும் மெச்சினார். கல்யாணத்துக்கு மறுநாள் மாற்றல் உத்தரவு வந்தது.

"நாலாவது நாள் நீங்க ஏன் திறக்கல?" என்று கேட்டாள்.

அவர் அவளை வியப்போடு பார்த்தார். "யாரு மூடச் சொன்னாங்களோ, அவங்க வாயாலதானே திறக்கச் சொல்லணும்? நம்ம விதி. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். எந்த ஏட்டிலும் எழுதாத, ஆனால் எந்த வால்வுக்காரரும் மீறாத விதி. முன்னொரு காலத்தில் மூடச் சொன்னவரை விட்டு வேறு யாரோ சொன்னார் என்று ஒருவர் வால்வைத் திறந்துவிட, குழிக்குள் குழாய்க்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் மேலே வரவில்லை. அதிலிருந்து அப்படி.

"நீங்க போன் பண்ணுவீங்கன்னு இருந்தேன். அதுக்குள்ள உங்களை மாத்திட்டாங்க. அடுத்த மாசம் என்னையும் தூக்கிட்டாங்க. புதுசா வந்தவர்கிட்ட, 'பொறியாளரம்மா உத்தரவு, தொடாதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போனேன். அப்புறம் ரோடு போட்டாங்க. மூடியே உள்ள போயிடுச்சு."

"பதிவேட்டுல எழுதலையா?"

"சொந்தக் காரியத்தை யாரு மேடம் பதிவேட்டுல எழுதுவாங்க?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் குத்தியது.

"திறக்கலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டு அவர் நின்றார். கை சாவிமேல் இருந்தது. ஆனால் அவள் வாய் அசையும்வரை அந்தக் கை அசையப்போவதில்லை என்பது தெரிந்தது.

"திறங்கண்ணே."

ஒரேயடியாகத் திறந்தால் குழாய் வெடிக்கும். ஒரு சுற்று, சற்று நிறுத்தம், இன்னொரு சுற்று என்று முக்கால் மணி நேரம் பிடித்தது. பதினைந்தாம் சுற்றில் மண்ணுக்குள் உறுமல் கேட்டது. இருபதுக்குமேல் பள்ளத் தெருவிலிருந்து யாரோ கத்தினார்கள். சண்டையா சந்தோஷமா என்று இங்கிருந்து புரியவில்லை.

அலுவலகத்தில் அந்த எண் இப்போது தொண்ணூற்று நாலு. ஒழுங்கான, வயதுக்கேற்ற குழாயின் எண். தலைமைப் பொறியாளர் திரையைப் பார்த்து, "அடடே, சாதிச்சிட்டியே!" என்றார்.

"சார், அப்ப பள்ளத் தெருவுக்கு நாலங்குலம் போதாது. எட்டு வேணும்."

"எதை வச்சு? ஒன்பது வருஷப் பதிவு முப்பத்தெட்டு லிட்டர்னு நிக்குதே."

"அது அவங்களுக்குத் தேவையான அளவில்ல சார். நாம விட்ட அளவு."

"நீ சொல்றது சரி. ஆனா பதிவைத் தள்ளி வைக்கணும்னா விதி இருக்கு. என்னைக்குலேருந்து தப்பு, எதனால, யாரால. மூணும் எழுத்துல இருந்தா நானே கையெழுத்துப் போடறேன். வால்வை யாரு மூடினது?"

அவள் திரையிலிருந்த தொண்ணூற்று நாலைப் பார்த்தாள்.

"தெரியல சார்."

சொல்லி முடித்தபின்தான் அது பொய் என்று அவளுக்கே உறைத்தது. அவ்வளவு சுலபமாக வந்திருந்தது.

"அப்ப பதிவு நிக்கும். நாலங்குலம்தான். கூட்டத்துல யாராவது கேட்டா, கள்ள இணைப்பையெல்லாம் எடுத்துட்டோம், இப்ப தண்ணி வருதுன்னு சொல்லிப் பூசி மெழுகிடலாம்."

"சார், அது அவங்க மேல பழி போடறது."

"பேரைச் சொல்லியா போடறோம்? பொதுவாத்தானே!"

அன்று மாலை அக்கா மேட்டுத் தெரு வீட்டுக்கு வந்திருந்தாள். மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் இவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்த அக்கா முதலில் சிரித்தாள்.

"என் கல்யாணத்துல வந்த தண்ணி அதுவா? உன் மாமா இன்னைக்கும் சொல்வார், உங்க வீட்டுல அருவி மாதிரி கொட்டும்னு."

"சிரிக்காதேக்கா. அது இன்னொருத்தி வாளியிலேருந்து வந்த தண்ணி."

"அதான் திறந்தாச்சுல்ல? அப்புறம் என்ன? ஊரைக் கூட்டித் தண்டோரா போடணுமா?"

"போடலன்னா எட்டங்குலத்தை எடுத்துட்டு நாலு போட்டுடுவாங்க. இந்தத் தடவை வால்வுகூடத் தேவையில்ல. குழாயே கழுத்தைப் பிடிச்சிடும். முப்பது வருஷம்."

"உன் வேலை போனா?"

"தெரியல."

"மூணு நாள்தானேடி கேட்டே! அதுல என்ன பெரிய குத்தம்?"

"கேட்டதுல ஒரு குத்தம். நாலாவது நாள் கேக்காம விட்டதுல இன்னொண்ணு. இன்னைக்கு சார் கேட்டப்போ தெரியலன்னு சொன்னேன் பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கல."

அக்கா மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். பிறகு, "என் மாமியார் காதுக்கு மட்டும் போகாம பாத்துக்கோ," என்றாள். அது சம்மதமா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

கூட்டம் நகராட்சி மண்டபத்தில் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. சுவரில் வரைபடம் தொங்கியது. தலைமைப் பொறியாளர் கோலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். புது ஏரி, புது நீர்த்தொட்டி, எந்தப் பக்கம் எத்தனை வீடுகள் வரும் என்றெல்லாம் சொன்னார். மண்டபம் பாதி கேட்டது, பாதி கொட்டாவி விட்டது. இவள் மேடையின் ஓரத்தில், மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் அவள் பேசுவதாக ஏற்பாடு இல்லை. இதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசியதும் இல்லை.

மூன்றாம் வரிசையில் கை ஒன்று உயர்ந்தது. சலவைக் கடைக்காரி.

"ஐயா, எல்லாத் தெருவுக்கும் எட்டு, பத்துன்னு போட்டிருக்கீங்க. எங்க தெருவுக்கு மட்டும் நாலா? பழசே எட்டுன்னு சொன்னாங்களே. நகரம் வளருது, நாங்க மட்டும் தேயறோமா?"

சிரிப்பு எழுந்தது. தலைமைப் பொறியாளரும் சிரித்தார். "அம்மா, பதிவுப்படி உங்க தெருவுல தண்ணிப் பயன்பாடு ரொம்பக் குறைவு. ஒன்பது வருஷக் கணக்கு இருக்கு."

"ஆமாங்க, எங்க மேல அழுக்கே ஒட்டாது. அப்படியொரு உடம்பு எங்களுக்கு."

இந்த முறை சிரிப்பு மண்டபத்தை நிறைத்தது. அது அடங்கியதும் அவள் குரலில் விளையாட்டு இல்லை. "போன வாரம்தான் எங்க குழாயில தண்ணி அடிச்சுது. என் மகளுக்கு ஒன்பது வயசு. குழாய்த் தண்ணி சத்தம் போடும்னு அன்னைக்குத்தான் அவளுக்குத் தெரியும். அதுவரைக்கும் ஏன் வரல? அதைச் சொல்லுங்க."

"அது வந்து, சில இடங்கள்ல அனுமதியில்லாத இணைப்புகள் இருந்துச்சு. அதையெல்லாம்..."

"யாரு? நாங்களா? நாங்க திருடினோமா?"

வரிசையாக ஆட்கள் எழுந்தார்கள். நாற்காலிகள் உராயும் சத்தம் கிளம்பியது. "இருங்க, இருங்க," என்ற தலைமைப் பொறியாளரின் குரல் அதில் அமிழ்ந்தது. இவள் தன் கால்களைப் பார்த்தாள். அவை எழுந்து நின்றிருந்தன. மேசையிலிருந்த ஒலிவாங்கியை எடுத்தாள். அது ஒரு கீச்சொலி எழுப்பியது. மண்டபம் காதைப் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பியது.

"யாரும் திருடல," என்றாள். குரல் தனக்கே கேட்கவில்லை என்று தோன்றியது. ஒலிவாங்கியை இன்னும் அருகில் கொண்டுவந்தாள். "பள்ளத் தெருவுல கள்ள இணைப்பு ஒண்ணுகூட இல்ல. அந்தத் தெருவுக்குப் போற வால்வு ஒன்பது வருஷமா மூடிக் கிடந்துச்சு. இருபத்தேழு சுற்றுல அஞ்சு சுற்றுதான் திறந்திருந்துச்சு."

தலைமைப் பொறியாளர் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

"தண்ணி விடாம இருந்தது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பை நான் மேசையில உக்காந்து பண்ணினேன். உங்களுக்குக் கிடைக்காததை, உங்களுக்கு வேண்டாததுன்னு எழுதிட்டேன். அதை முப்பது வருஷ வளர்ச்சியால பெருக்கியும் வச்சேன். ஒரு தெருவுக்கு எவ்வளவு வேணும்னு தெரிஞ்சுக்கணும்னா, அங்க எவ்வளவு வருதுன்னு பாத்தா போதாது. இறங்கிப் போய்க் கேக்கணும். நமக்கு ஒரு சலுகை சுலபமாக் கிடைச்சா, அது யாரோட வாளியிலேருந்து வருதுன்னும் கேக்கணும். ரெண்டையும் நான் கேக்கல."

யாரும் உட்காரவில்லை. ஆனால் சத்தம் நின்றிருந்தது.

"சார், அன்னைக்கு நீங்க மூணு கேட்டீங்க. என்னைக்குலேருந்து, எதனால, யாரால. இதைப் பதிவுல எழுதிக்கச் சொல்லுங்க. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, இதே மாசம், பன்னெண்டாம் தேதி காலையில மூடினது. வால்வுக்காரர் மேல தப்பில்ல. அவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்."

சலவைக் கடைக்காரி வரிசையைவிட்டு நடுவழிக்கு வந்தாள். கை இடுப்பில் இருந்தது. "அது சரி மேடம். உத்தரவு போட்டது யாரு?"

அவள் ஒலிவாங்கியை மேசைமேல் வைத்தாள். அதற்கு இனி தேவை இருக்கவில்லை.

"நான். எங்க அக்கா கல்யாணத்துக்கு மூணு நாள் மூடச் சொன்னேன். திறக்கச் சொல்ல மறந்துட்டேன்."